கடைப் பேரமும் வீட்டுப் பேரமும்

எங்கள் கிட்டங்கியை ஒட்டித் தென்புறம் ஒரு பழைய மச்சு வீடு இருக்கிறது. மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால் உள்ள சந்துகளில் ஒன்றில், ஒன்றே முக்கால் சென்ட் மனை. 2009-ல் அந்த வீடு விலைக்கு வந்தது. நான்தான் வாங்கியிருக்க வேண்டும். என் வாயால் கெடுத்துக்கொண்டேன். போன மாதம் அதே வீடு மறுபடியும் விலைக்கு வந்திருக்கிறது. அந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, பழைய கணக்கையும் இடையில் கற்றுக்கொண்டதையும் நம் உறுப்பினர்களுக்கு எழுதலாம் என்று தோன்றியது.

நாம் எல்லோரும் பேரத்திலேயே வளர்ந்தவர்கள். துவரம் பருப்பில் கிலோவுக்கு 25 பைசாவுக்காக அரை மணி நேரம் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மல்லி மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்த்து, "ஈரம் இருக்கு, தூசு இருக்கு" என்று சொல்லி விலையை இறக்கியிருக்கிறோம். விற்கிறவருக்கும் இது தெரியும். அவர் கோபப்படுவதில்லை. இன்று படியாவிட்டால் நாளை வேறு லாரி வரும். இந்தப் பழக்கத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வீடு வாங்கப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அந்த வீடு ஓய்வுபெற்ற ஒரு வாத்தியாருடையது. அவருடைய தகப்பனார் கட்டியது. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள், கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். அவர் முதலில் வந்து சொன்னதே என்னிடம்தான். "தம்பி, உங்க கிட்டங்கியை ஒட்டி இருக்கு. உங்களுக்குத்தான் உபயோகப்படும். 28 லட்சம் எதிர்பார்க்கிறேன்" என்றார். மனத்துக்குள் நான் 26 வரை போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே சொன்னது 20.

மறுநாள் வீட்டைப் பார்க்கப் போனேன். கடையில் மூட்டையைக் குத்திப் பார்க்கிற அதே நினைப்பில் சுவரைத் தட்டிப் பார்த்தேன். "என்ன சார், சுவரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கு. மச்சுக் கட்டையைச் செல் அரிச்சிருக்கு. இதை இடிச்சுத்தான் கட்டணும். வீட்டுக்கு விலையே கிடையாது, மனைக்குத்தான் விலை" என்றேன். அவர் மனைவி அப்போதுதான் காபி கொண்டு வந்து வைத்தார்கள். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து 26½ என்று சொல்லி அனுப்பினார். அன்றே நான் சரி என்றிருக்கலாம். 24½ என்று சொல்லிவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வருவது நம் வியாபாரத்தில் பெரிய ஆயுதம். பத்தடி போவதற்குள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அவர் கூப்பிடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு அச்சகக்காரருக்குப் பத்திரம் முடிந்துவிட்டது என்று தெரிந்தது. விலை 25¼ லட்சம். நான் மனத்தில் வைத்திருந்த தொகையைவிட 75,000 ரூபாய் குறைவு! வாத்தியாரிடம் போய், "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றேன். "நீங்கதான் வீட்டுக்கு விலை இல்லைன்னுட்டீங்களே தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

2010 முதல் இன்றுவரை இரண்டு தெரு தள்ளி ஒரு கிட்டங்கியை வாடகைக்கு வைத்திருக்கிறேன். மாதம் 6,000-த்தில் ஆரம்பித்து இப்போது 15,000-த்தில் நிற்கிறது. வாடகையாகக் கொடுத்தது மட்டும் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இங்கிருந்து அங்கே சரக்கை மாற்றுகிற கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பருப்பில் கல் இருக்கிறது என்று சொன்னால் மில்காரர் பருப்பைப் பற்றிச் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார். தகப்பனார் கட்டிய வீட்டில் கல் சரியில்லை என்றால், அது அவர் தகப்பனாரைச் சொன்னதாகத்தான் காதில் விழும். வீடு விற்பவர் வியாபாரி இல்லை. அவர் வாழ்நாளில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் விற்கிறார். கடன், கல்யாணம், பாகப்பிரிவினை என்று ஏதோ ஒரு காரணத்தில்தான் விற்க வருகிறார். நம்முடைய சாமர்த்தியம் அவரிடம் வேறு மாதிரி வேலை செய்யும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அதையும் செய்திருக்கிறேன். 1994-ல் நாங்கள் முதல் வீடு வாங்கினோம். வீட்டுக்காரரை வைத்துக்கொண்டே என் மனைவி, "சாமி ரூமை இந்த மூலையில வச்சுக்கலாம், தொட்டிலுக்கு இந்த உத்திரம் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன பேரம்? அவர் கேட்ட 3,40,000-ஐ அப்படியே கொடுத்தோம். மூன்று வருட வீட்டு வரி பாக்கியையும் பின்னால் நாங்களே கட்டினோம். வீட்டுக்காரர் கூட நிற்கும்போது பிடித்திருக்கிறது என்றும் சொல்லக்கூடாது, குறையும் சொல்லக்கூடாது. பார்த்துவிட்டு, தண்ணீர் எப்படி, அக்கம்பக்கம் எப்படி என்று விசாரித்துவிட்டு வந்துவிட வேண்டும்.

இளைய மகனுக்கு வாங்கிய வீடு

இந்த இரண்டு பாடத்துக்கும் பிறகு 2021-ல் இளைய மகனுக்குத் திருநகர் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். நான்கு சென்ட் மனை, கீழே ஒரு வீடு, மாடியில் ஒரு வீடு. ஆடி மாதத்தில் பார்த்தோம். ஆடியில் வீடு பார்க்கிறவர்கள் குறைவு, பேசுவதற்கு அவகாசம் கிடைக்கும். விற்பவர்கள் அண்ணன், தம்பி, தங்கை ஆகிய மூவரும் அவர்களுடைய தாயாரும். தகப்பனார் அதற்கு முந்தைய மார்கழியில் காலமாகிவிட்டார். மூத்தவர்தான் பேசினார். விலை 64 லட்சம் என்றார்.

தரகர் ஒருவர் நடுவில் இருந்தார். "அண்ணாச்சி, நேத்துத்தான் ஒரு பார்ட்டி வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. நாளைக்கே அட்வான்ஸ் கொடுக்கத் தயாரா இருக்காங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. வத்தல் மார்க்கெட் மந்தமாக இருக்கிற நாளில் நானே எத்தனை பேரிடம், வெளியூர்ப் பார்ட்டி கேட்டிருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன்! தரகர் மேல் குற்றமில்லை. விலை ஏறினால் அவர் தரகும் ஏறும். அவரிடம் நம் கடைசித் தொகையைச் சொல்லாமல் இருப்பது நம் பொறுப்பு.

விலை சொல்வதற்கு முன்னால் பத்து நாள் எடுத்துக்கொண்டோம். அதே தெருவில் ஆறு மாதத்துக்குள் கைமாறிய இரண்டு வீடுகளின் உண்மையான விலையை, விற்றவர்களிடமே நேரில் போய்க் கேட்டோம். பத்திரத்தில் போட்ட விலையை மட்டும் நம்பினால் கணக்குத் தவறும். நமக்குப் பழக்கமான கொத்தனாரை ஒரு நாள் காலையில் அழைத்துப் போனோம். மாடித் தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தது. தண்ணீர்த் தொட்டியில் கசிவு இருந்தது. வீட்டில் வைத்து அவரை ஒரு வார்த்தை பேசவிடவில்லை. வெளியே வந்தபின் என்ன வேலை, எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு கூலி என்று தாளில் எழுதி வாங்கினோம். 2,80,000 வந்தது. மூத்தவரிடம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "தம்பி, உங்க அப்பா நல்லாக் கட்டியிருக்கார். 30 வருஷம் ஆச்சு. இந்த வேலையெல்லாம் இப்ப பார்க்கணும், யார் வாங்கினாலும் பார்க்கணும்" என்று தாளைக் கொடுத்தேன். வாங்கிப் படித்தார். தளத்தைப் பற்றி அவருக்கே தெரிந்திருந்தது.

எங்கள் முதல் தொகை 55. அவர் 61-க்கு வந்தார், நாங்கள் 56-க்குப் போனோம். பிறகு அவர் 59½, நாங்கள் 57. அங்கே வண்டி நின்றுவிட்டது.

இதற்கிடையில் எனக்கு உறுத்திய விஷயம் வேறு. "தங்கச்சி கையெழுத்துப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க அண்ணாச்சி, கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு" என்று மூத்தவர் மூன்று தடவை சொல்லிவிட்டார். ஒரு தடவை சொன்னால் நம்பலாம். உயில் எழுதாமல் ஒருவர் இறந்துவிட்டால், அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இது இருக்கிறது. மகளுக்கு நகை போட்டு, சீர் செய்து அனுப்பிவிட்டோம் என்பது சட்டத்துக்குத் தெரியாது. நான்கு பங்கில் ஒரு பங்குக்காரர் விலையே தெரியாமல் இருக்கும்போது, மற்ற மூன்று பங்குக்குப் பேரம் பேசி முடிப்பதில் அர்த்தமில்லை. வாரிசுகளில் மைனர் யாராவது இருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். கோர்ட் அனுமதி இல்லாமல் மைனர் சொத்தை விற்க முடியாது.

மூத்தவரிடம் சொல்லிவிட்டே நானும் என் மனைவியும் தூத்துக்குடிக்குப் போய் அந்தத் தங்கையைப் பார்த்தோம். "என்ன விலைன்னு அண்ணன் எங்கிட்டச் சொல்லவே இல்லக்கா" என்று என் மனைவியிடம்தான் முதலில் பேசினார். 64 கேட்டார், 59½-ல் நிற்கிறார், நாங்கள் 57 சொல்லியிருக்கிறோம் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்பாவுக்கு மார்கழியில தலைத்திவசம் வருது அண்ணாச்சி. அதை அந்த வீட்டுல வச்சுச் செய்யணும்னு அம்மா ஆசைப்படுறாங்க. வாங்க வர்றவங்க எல்லாரும் ஒரு மாசத்துல சாவி வேணுங்கிறாங்க" என்றார்.

மகனுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. அவன் குடியிருந்த வாடகை வீட்டுக்கே இன்னும் எட்டு மாதம் ஒப்பந்தம் இருந்தது. ஆவணியில் கிரய ஒப்பந்தம், தையில் பத்திரம், அதுவரை தாயார் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொன்னோம். அந்த வாரமே 58-க்கு முடிந்தது. அந்த அவகாசத்துக்கு எவ்வளவு, தாளில் எழுதிய கணக்குக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் நம் வியாபாரத்தில் ரொக்க விலை வேறு, முப்பது நாள் வாய்தா விலை வேறு என்பது சின்னப் பையனுக்கும் தெரியும். வீட்டில் மட்டும் நாளுக்கு விலை இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

விலைக்கு வெளியே இருக்கிற விலை

மாடியில் ஒருவர் 4 லட்சத்துக்கு ஒத்திக்குக் குடியிருந்தார். மூத்தவர் விலை சொன்னபோது இதைச் சொல்லவில்லை. மாடியில் துணி காய்வதைப் பார்த்துவிட்டு நாங்கள்தான் கேட்டோம். வில்லங்கச் சான்றை இப்போது கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம், நல்ல வசதிதான். ஆனால் பதியாமல் எழுதிய ஒத்தி வில்லங்கத்தில் வராது. ஆகவே குடியிருப்பவரிடம் நேரில் கேட்பது ஒன்றே வழி. விலையில் 4 லட்சத்தைப் பத்திரத்தன்று நாங்களே ஒத்திக்காரருக்குக் கொடுத்து, ஒத்திப் பத்திரத்தையும் சாவியையும் வாங்கிக்கொள்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதினோம். எங்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனால் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்பதையும் எழுதினோம். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் போய்விடும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி இரண்டு சாட்சி போட்டுக்கொள்வதோடு நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அடுத்து, வெள்ளை, கறுப்பு விவகாரம். 15 லட்சத்தை வெளியே வைத்துக்கொண்டு 43-க்குப் பத்திரம் போடலாம், முத்திரைச் செலவு மிச்சம் என்று தரகர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றோம். ரொம்ப யோக்கியன் என்று காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை, கணக்கைப் பாருங்கள். 2015 ஜூன் முதல், வீடு மனைக்கு முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. வாங்கினால் வாங்கியவருக்கு அதே தொகை அபராதம். வங்கி கடன் தருவது பத்திர விலையைப் பார்த்து. நாளைக்கு நாம் விற்கும்போது அடக்கவிலையாக எடுத்துக்கொள்வதும் பத்திர விலைதான். மிச்சம் என்று நினைத்தது நாளைய லாபவரியில் போய்விடும். இதை மூத்தவரிடம் விளக்கியபோது அவரும் ஒத்துக்கொண்டார்.

முத்திரைச் செலவு அப்போது நூற்றுக்கு 11. முத்திரைத் தீர்வையும் மாற்றுத் தீர்வையும் சேர்ந்து 7, பதிவுக் கட்டணம் 4. அதாவது 58 லட்சத்துக்கு 6,38,000 ரூபாய். இரண்டு மாதம் அலைந்து பேசி நாங்கள் குறைத்தது 6 லட்சம்! 2023-ல் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்ததால் மொத்தம் 9 ஆயிற்று. இன்றைய விகிதத்தில் அதே பத்திரத்துக்கு 5,22,000 ஆகும். வழிகாட்டி மதிப்பு, பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதன்படிதான் கட்ட வேண்டும். அதோடு நிற்காது. வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைத்து வாங்கினால், வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாக வைத்து வருமான வரி கேட்பார்கள். பேரத்தில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஜெயித்தாலும் ஒரு எல்லைக்குக் கீழே அது லாபமில்லை. ஆகவே வழிகாட்டி மதிப்பைத் தெரிந்துகொண்டுதான் முதல் தொகையையே சொல்ல வேண்டும்.

வங்கி இந்த முத்திரைச் செலவுக்குக் கடன் தருவதில்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு, வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் உச்ச வரம்பு. 58 லட்சம் வீட்டுக்கு அதிகபட்சம் 46,40,000. மீதி 11,60,000-மும் முத்திரைச் செலவும் சேர்ந்து கையிலிருந்து சுமார் 18 லட்சம் வேண்டும். தரகு, வக்கீல் செலவு, கொத்தனார் வேலை எல்லாம் தனி. இந்தக் கணக்கை மகன்தான் போட்டான். இதைப் போட்ட பிறகுதான் எங்களால் எதுவரை போக முடியும் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்துக்கு, வாங்குபவர் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக் கட்ட வேண்டும். 2013 ஜூனிலிருந்து உள்ள விதி. எங்கள் கணக்கில் 58,000 ரூபாய். ஒவ்வொருவர் பங்கும் 50 லட்சத்துக்குக் குறைவுதானே, பிடிக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். மொத்த விலைதான் கணக்கு என்றார் ஆடிட்டர், நான்கு பேர் பெயரிலும் தனித்தனியாகக் கட்டினோம். 2024 அக்டோபர் முதல் சட்டத்திலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். விற்பவரில் ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருந்தால் பிடித்தம் வேறு, அதிகம். பேரம் முடிகிற நாளிலேயே விற்பவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். பத்திர ஆபீஸ் வாசலில் வைத்துச் சொன்னால், ஏமாற்றுகிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

மார்கழியில் தலைத்திவசம் நடந்தது. எங்களையும் சாப்பிட அழைத்தார்கள், போய் வந்தோம். தையில் பத்திரம் முடிந்தது. ஒத்திக்காரர் அன்று மாலையே சாவி கொடுத்தார்.

இனி அந்த மச்சு வீட்டுக்கு வருகிறேன். 2009-ல் வாங்கிய அச்சகக்காரர் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போகப்போகிறார். முன்னே வாத்தியார் வந்த மாதிரியே இவரும் கடைக்கு வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். அடுத்த நாள் மூத்த மகனோடு போய்ப் பார்த்தேன். மச்சை எடுத்துவிட்டுத் தளம் போட்டிருக்கிறார். வாத்தியார் வீட்டம்மா காபி வைத்த திண்ணையில் இப்போது காகிதக் கட்டு அடுக்கியிருக்கிறது. அந்தத் தெற்குச் சுவரில் இன்னமும் உப்புப் பூத்துத்தான் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

அந்த இடத்துக்கு ஊரார் என்ன விலை கொடுப்பார்கள் என்பது ஒரு கணக்கு. நடுச்சுவரில் வாசல் வைத்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளக்கூடிய எனக்கு அது என்ன பெறும் என்பது வேறு கணக்கு. மாதம் 15,000 வாடகை மிச்சம், மாற்றுக்கூலி மிச்சம். ஊர் விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தாலும் எனக்குக் கட்டும். இதை அவரும் யோசித்திருப்பார். அதனால்தான் மற்றவர்களுக்கு முன்னால் என்னிடம் வந்திருக்கிறார். அவருக்கு எப்போது பணம் வேண்டும், அச்சு இயந்திரங்களை மாற்ற எத்தனை மாதம் ஆகும் என்று மூத்த மகன் கேட்டு வந்திருக்கிறான். சித்திரை வரை இயந்திரங்கள் அங்கேயே இருக்கலாம் என்று சொல்லியாயிற்று. வழிகாட்டி மதிப்பைப் பார்த்துவிட்டோம். பக்கத்துச் சந்தில் போன வருடம் விற்ற இரண்டு வீட்டின் விலையும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.

அவர் கேட்டிருக்கிற தொகையையும் நாங்கள் சொல்லியிருக்கிற தொகையையும் இங்கே எழுதவில்லை. நம் இதழ் அவர் அச்சகத்துக்கும் மாதா மாதம் போகிறது.